பதினாறு கதவுகள், நாலாவது தடவை

மான்செஸ்டர் விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"பரிட்சை எழுத."

"என்ன பரிட்சை?"

"டாக்டர் பரிட்சை."

நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தொரு வயது, பாதி வழுக்கை, குளிருக்குப் பயந்து ஊரிலிருந்தே போட்டுக்கொண்டு வந்த குரங்குக் குல்லாய். பரிட்சை எழுத வந்த பையன் எங்கே என்று எனக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "இதற்கு முன்னால் மூன்று தடவை வந்திருக்கிறீர்களே, அதெல்லாம் எதற்கு?" என்றார்.

"அதே பரிட்சைக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. முத்திரையை மட்டும் மெதுவாகக் குத்தினார், சின்னப் பிள்ளைக்கு ஊசி போடுகிற பதத்தில்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் இங்கிலாந்தில் வைத்தியம் பார்க்க வேண்டுமானால் இரண்டு பரிட்சை பாஸாக வேண்டும். முதலாவது எழுத்துப் பரிட்சை. அதை நம் நாட்டில் உட்கார்ந்தே எழுதலாம், எழுதிப் பாஸாகிவிட்டேன். இரண்டாவது செய்முறை. அதற்கு மான்செஸ்டருக்கு வந்துதான் ஆக வேண்டும். பதினாறு அறைகள், ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிக்க ஒரு நடிகர், மூலையில் மார்க் போட ஒரு டாக்டர். அறைக்கு எட்டு நிமிடம். மணி அடித்தால் அடுத்த கதவு. மொத்தம் நாலு தடவைதான் விடுவார்கள். மூன்றை நான் நல்லபடியாகத் தொலைத்திருந்தேன்.

பரிட்சை எனக்குப் புதிதில்லை. நான் ரஷ்யாவில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தவன். அங்கே நோயாளியிடம் ரஷ்ய மொழியில் "எங்கே வலிக்கிறது?" என்று அழகாகக் கேட்பேன், அவர் சொல்கிற பதில்தான் புரியாது. ஊர் திரும்பினால், வெளிநாட்டில் படித்தவன் இந்தியாவில் ஊசி போட வேண்டுமானால் தனியாக ஒரு பரிட்சை எழுது என்றார்கள். அதையும் இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை பாஸாகித்தான் கீரமங்கலத்தில் ஒரு கிளினிக் போட்டேன். எந்த நாட்டுக்குப் போனாலும் நான் வெளிநாட்டு டாக்டர்தான், சொந்த நாட்டையும் சேர்த்து.

என் மனைவி கலா நர்ஸ். புதுக்கோட்டையில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது விரும்பிக் கட்டிக்கொண்டோம். "டாக்டருக்குப் படிச்சுப்புட்டு நர்ஸைக் கட்டுறானே" என்று என் அப்பா ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த நர்ஸ் மூன்று வருஷத்துக்கு முன்னால், நர்ஸுகளுக்கான இங்கிலாந்துப் பரிட்சையை ஒரே தடவையில் பாஸாகி, மான்செஸ்டருக்குப் பக்கத்தில் போல்ட்டன் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்துவிட்டாள். மகள் நிலாவையும் கூட்டிப்போனாள். நிலாவுக்கு இப்போது எட்டு வயது.

கணவன் என்கிற முறையில் நானும் அப்போதே போயிருக்கலாம். சட்டத்தில் இடம் இருந்தது. என் மண்டையில்தான் இடம் இல்லை. "வந்தா டாக்டராத்தான் வருவேன்" என்று சொல்லி அனுப்பினேன். போன தடவை முடிவு வரும்வரை இங்கேயே இருந்து, தோற்றுத் திரும்பும்போது, இதே விமான நிலையத்தில் ஒரு பேச்சு முடிவானது. நாலாவது தடவை பாஸானால் நான் இங்கே வருவது. தோற்றால் அவளும் நிலாவும் கீரமங்கலத்துக்குத் திரும்பிவிடுவது. நான் சொன்னேன், அவள் தலையாட்டினாள். வாயைத் திறந்து சரி என்றாளா என்பது இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

முந்தைய தடவைகளில் கலாவே வந்து கூட்டிப்போனாள்; அன்று அவளுக்குப் பகல் டூட்டி. நீங்களே பஸ் பிடித்து வந்துவிடுங்கள் என்று போனில் வழி சொல்லியிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றேன். முதல் பஸ் வந்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதன் டிரைவர் எனக்கு வணக்கம் வைப்பதுபோல் தலையசைத்துவிட்டே போனார். ஆலங்குடி ரோட்டில் சும்மா வேலியோரம் நின்று கொட்டாவி விட்டாலே, "பேராவூரணியா, ஏறுங்க ஏறுங்க" என்று கண்டக்டர் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டு போவார். இங்கே பயணிதான் கையை நீட்ட வேண்டுமாம். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு விறைத்து நின்றவனை, ஏதோ சிலை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர்தான் நாலாவது பஸ்ஸுக்குக் கையை நீட்டி என்னைக் காப்பாற்றினார். "நான் போக வேண்டியது இதில்லை. நீ பாவமாக இருந்தாய்" என்றார்.

வீட்டுக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது; கலாவும் டூட்டி முடிந்து வந்திருந்தாள். நிலா ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டே ஏதோ பெரிதாகச் சொன்னாள். எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. குடுமியான்மலைப் பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறதே, எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும், பாட்டு மட்டும் வராது. போல்ட்டன் இங்கிலீஷ் எனக்கு அப்படித்தான். இப்போது என் மகளும் அந்தப் பாறையில் சேர்ந்துவிட்டாள்.

"என்னடி சொல்றா?" என்று கலாவைக் கேட்டேன்.

"இந்தத் தடவையாச்சும் பாஸாயிருவீங்களான்னு கேக்குறா."

"அதுக்கு எதுக்கு இம்புட்டு ராகம்?"

"ராகம் இல்ல, அவ பேசுறதே அப்படித்தான். கையக் கழுவிட்டு வாங்க, முருங்கக்கா சாம்பார் வச்சிருக்கேன். ஐஸ்ல கெடந்த காயி. வாசத்தக் கேக்காதீங்க, பேசாமச் சாப்புடுங்க."

மறுநாளிலிருந்து மான்செஸ்டரில் ஒரு பயிற்சி வீட்டுக்குப் போனேன். என்னைப் போலப் பரிட்சைக்கு வந்த டாக்டர்கள் பதினைந்து பேர் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். சமையலறையில் ஒரு பாகிஸ்தான் டாக்டர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சுவரைப் பார்த்து, "இதைக் கேட்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் ஒரு சூடான் பெண் டாக்டர் கைப்பிடிக் கட்டையிடம், "உங்களுக்கு எது மிகவும் கவலையாக இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பரிட்சையில் மருந்து தெரிந்தால் போதாது, இரக்கத்துக்கும் மார்க் உண்டு. அந்த இரக்கத்தை ஒவ்வொரு நோயாளியிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாலு நாளில் எனக்கு அது வியாதியாகவே ஒட்டிக்கொண்டது. கடையில் பால் தீர்ந்துவிட்டது என்றார்கள். "இதைக் கேட்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது" என்றேன். கடைக்காரப் பெண் என்னை ஆறுதல்படுத்தி ஒரு தயிர் டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

மதியச் சாப்பாடு நைஜீரிய டாக்டர் ஒருவருடைய கைங்கரியம். ஜோலஃப் என்றார். சிவப்பாக, காரமாக, நம் தக்காளிச் சாதத்துக்குப் பெரியப்பா மகன் முறை. மூன்று தட்டு சாப்பிட்டேன். "உங்களுக்குப் பசி இருக்கிறது, நல்ல அறிகுறி" என்று குறிப்பேட்டில் எழுதுவதுபோல் நடித்தார் அவர்.

அந்த வீட்டில் நிரந்தர நோயாளி ஒருவர் இருந்தார். பெயர் யூசுஃப். ஈராக்கில் பத்து வருஷம் டாக்டராக இருந்தவர். இங்கே வந்து நாலு தடவையும் பரிட்சையில் தோற்றுப்போனார். திரும்பிப் போக வழியில்லை. அதனால் அந்தப் பயிற்சி வீட்டிலேயே, மற்றவர்கள் பழகுவதற்காக நோயாளியாக நடிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டார்.

"இந்த வாரம் எனக்கு ஏழு மாரடைப்பு, இரண்டு கருச்சிதைவு" என்று கைகுலுக்கினார். "உலகத்திலேயே நோயைப் பற்றி நன்றாகத் தெரிந்த நோயாளி நான்தான். நீங்கள் எத்தனையாவது தடவை?"

"நாலாவது."

"வாருங்கள். தோற்றால் சொல்லுங்கள், இங்கே இன்னொரு கட்டில் காலியாக இருக்கிறது."

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்தக் கட்டில் எங்கே கிடக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டில் நிலாதான் எனக்கு வாத்தியார். தமிழ் அவளுக்குப் புரியும், பேசுவது மட்டும் இங்கிலீஷ். சோபாவில் படுத்துக்கொண்டு, போனில் எட்டு நிமிடம் வைத்து, "நான் ஆண்ட்ரூ. எனக்கு வயிற்றுப்போக்கு" என்பாள். நான் கேள்வி கேட்பேன். முடிந்ததும் தீர்ப்பு வரும். அது இங்கிலீஷில் வந்து, கலா மூலமாகத் தமிழாகி என்னை அடையும்: "நீ ரொம்ப வேகமா பேசுறியாம். ஆண்ட்ரூ பயந்துட்டானாம்."

"ஆண்ட்ரூகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. எதுத்தாப்புலதான இருக்கா" என்றாள் கலா.

ஐந்தாம் நாள் ரயிலில் ஒரு கூத்து. நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போல்ட்டன் ஸ்டேஷனில் நின்றேன். மான்செஸ்டர் வண்டி ரத்து என்று அறிவித்தார்கள்; அது எனக்குப் புரியவில்லை. அடுத்து வந்த வண்டியில் ஏறிவிட்டேன். குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கொதிப்பு உண்டா என்று கேட்கிற கட்டத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தால், வெளியே வயலும் ஆடுமாகப் போய்க்கொண்டிருந்தது. இறங்குகிற வரைக்கும் யாரிடமும் கேட்கக் கூச்சம். வண்டி தானாக நிற்கிற இடம் வரை போய்விட்டேன்.

கலாவுக்குப் போன் போட்டேன்.

"எங்கிட்டு இருக்கீங்க?"

"தெரியல. கடல் தெரியுது."

"மான்செஸ்டர்ல ஏதுங்க கடலு?"

"அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு."

பிளாக்பூல் என்ற கடற்கரை ஊர். காற்று ஆளைத் தூக்கியது. சாம்பல் நிறக் கடலைப் பார்த்துக்கொண்டு, வினிகர் ஊற்றின உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றேன். ஊறுகாய்ப் பானையில் விழுந்தது போல் இருந்தது. பக்கத்தில் ஒரு குடும்பம் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, பற்கள் கிடுகிடுக்க, மணலில் உட்கார்ந்து மகிழ்ச்சியாக இருந்தது. சொன்ன நேரத்துக்குச் சரியாக மகிழ்ந்தாக வேண்டும் என்று யாரோ கட்டளை போட்டது போல.

அங்கிருந்து மாறி மாறி ஏறி, பயிற்சி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். யூசுஃப் எனக்காகக் காத்திருந்தார். அன்றைக்கு அவருக்கு நுரையீரல் புற்றுநோய். அதை நான் அவரிடம் சொல்ல வேண்டும். அதுதான் பயிற்சி. உட்கார்ந்தேன், பேசினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரோடு பேசுகிறீர்கள்?"

"உங்களோடுதான்."

"இல்லை. எனக்குப் பின்னால், வலது பக்கம் ஒரு ஆள் உயரத்தில் பார்த்துப் பேசுகிறீர்கள். ஒவ்வொரு கெட்ட சேதிக்கும் அங்கேதான் பார்க்கிறீர்கள். அங்கே யார் நிற்கிறார்கள்?"

திரும்பிப் பார்த்தார். அங்கே துணி காயப்போடுகிற ஸ்டாண்டு மட்டும் நின்றது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அங்கே நிற்பது சொந்தக்காரர். கீரமங்கலத்தில் என் அறைக்கு யாரும் தனியாக வந்ததில்லை. நோயாளி ஸ்டூலில் உட்காருவார். மகனோ மருமகனோ மச்சானோ தோளுக்குப் பின்னால் நிற்பார். தலைவலி, சளி என்றால் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வேன். பெரிய வியாதி என்றால் என் கண் தானாக நிற்பவர் பக்கம் ஏறிவிடும். "நீங்க வெளிய இருங்கம்மா" என்று நோயாளியை அனுப்பிவிட்டு, நிற்பவரிடம் சொல்வேன். எங்கள் பக்கத்தில் எல்லா டாக்டரும் செய்வது இதுதான். இதற்குப் பெயர் இரக்கம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யூசுஃபிடம் ஒருவரைப் பற்றிச் சொன்னேன். மாரிக்கண்ணு என்று ஒரு அம்மா. சொந்த ஊர் அரிமளம் பக்கம்; மகளைக் கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்ததால் என்னிடம் வந்தார். வயிற்றுவலி. ஸ்கேனில் இரைப்பைப் புற்றுநோய், முற்றிப்போய். மருமகன் என்னைக் கிளினிக்குக்குப் பின்னால் பைக் நிறுத்துகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். "அத்தகிட்டச் சொல்லிராதீங்க டாக்டர். ஒடஞ்சு போயிரும்" என்றார். நான் அல்சர் என்று சொல்லி அனுப்பினேன். மகளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரருக்கும், கூட்டிவருகிற ஆட்டோக்காரருக்கும் தெரியும். பூ மார்க்கெட்டில் அந்த அம்மா விற்கக் கொண்டுபோகிற மல்லிகையை எடைபோடுகிறவருக்குக் கூடத் தெரியும்.

ஒருநாள் மருமகன் மாத்திரை வாங்க வெளியே போன நேரம். அந்த அம்மா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏந்தம்பி, எனக்கு என்னான்னு ஊருக்கே தெரியுது. எனக்கு எப்பச் சொல்லப் போறீங்க?"

"ஒன்னுமில்லம்மா. அல்சர்தான். காரத்தக் கொறச்சுக்கங்க."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி தம்பி. கொறச்சுக்கிறேன்."

கடைசி இரண்டு மாதம் அவர் மிளகாயே தொடவில்லை என்று, காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் வந்து சொன்னாள்.

யூசுஃப் எழுந்து போய் அந்தத் துணி ஸ்டாண்டை மடக்கி, வெளியே வராந்தாவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "இப்போது சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். பத்துத் தடவை சொல்லவைத்தார். பத்தாவது தடவை, "இது மோசமில்லை. நான் செத்திருப்பேன், ஆனால் உங்கள்மேல் கோபத்தோடு செத்திருக்க மாட்டேன்" என்றார்.

பரிட்சை நாள். வாசலிலேயே ஒரு சோதனை. முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது, அது ஆஸ்பத்திரி விதி. கடிகாரத்தைக் கழற்றினேன். அம்மா குலசாமி கோயிலில் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு மணிக்கட்டில் இருந்தது. முடிச்சு இறுகி அவிழவில்லை. "வெட்டட்டுமா? மிகவும் வருந்துகிறேன்" என்று கத்தரிக்கோலோடு ஒரு பெண் கேட்டார். இந்த ஊரில் கயிறு வெட்டுகிறவர்கூட மார்க் வாங்குகிற மாதிரிதான் வருந்துகிறார்கள். வெட்டிய கயிற்றை ஒரு சின்ன உறைக்குள் போட்டு, மேலே என் நம்பரை எழுதி, திரும்பத் தந்தார்.

முதல் கதவு, ஆஸ்துமா. நன்றாகப் போனது. இரண்டாவது, ரப்பர் கையில் ஊசி குத்துவது. குத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ரப்பர் கைக்கும் சேர்த்து, "கொஞ்சம் சுருக்குனு இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்தினேன். மூலையில் இருந்த டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆறாவது கதவில் ஒரு கோபக்காரக் கிழவர், ஒன்பதில் தூக்கம் வராத ஆசிரியை. பத்து கதவு தாண்டியதும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. நிலாவைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற மாதிரியெல்லாம் ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

பதினொன்றாவது கதவில் ஒட்டியிருந்த தாள் சொன்னது: ஐம்பத்தாறு வயதுப் பெண். குடலில் எடுத்த சதைத் துணுக்கின் முடிவு வந்துவிட்டது. புற்றுநோய். அவருக்கு இன்னும் தெரியாது. தெரிவியுங்கள்.

மணி அடித்தது. உள்ளே போனேன். நீலச் சட்டை போட்ட ஒரு பெண், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கண் அவருக்குப் பின்னால் போனது. வெள்ளைச் சுவர். இழுத்துப் பிடித்து அவர் முகத்துக்குக் கொண்டுவந்தேன்.

"கூட யாராவது வந்திருக்கிறார்களா?"

"இல்லை. தனியாகத்தான் வந்தேன்."

"யாரையாவது வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். என்னவென்று சொல்லுங்கள், டாக்டர்."

நான் பசியைப் பற்றிக் கேட்டேன். தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். ஒரு மகள், வேறு ஊரில் இருக்கிறாள் என்றார். "மகள் எப்போது வருவாள்?" என்றேன். "மகளிடம் எதற்கு? வயிறு என்னுடையது" என்றார். கோபமாக இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். நடிப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். இதே சொற்களை இன்றைக்கு இவர் இருபது பேரிடம் சொல்லியிருப்பார் என்பதும் தெரியும். ஆனாலும் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்ட இன்னொருவர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"குடலில்..." என்று ஆரம்பித்தேன். "குடலில் ஒரு புண் மாதிரி இருக்கிறது."

"புண்ணா? அப்படியென்றால் பயப்பட ஒன்றுமில்லையா?"

அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது. அருமையான நடிகை. அந்த வெளிச்சத்தை அணைக்க எனக்குக் கை வரவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். இருபது வருஷப் படிப்பும் வேலையும் இருந்தும் சொல்ல வேண்டிய சொல் ஒன்றே ஒன்றுதான். அது வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் முகம் விளக்கை நிறுத்தியது போல் சாதாரணமானது; தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஒரு மிடறு குடித்தார். மூலையில் இருந்த டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

மீதி ஐந்து கதவுகளில் யார் இருந்தார்கள், அவர்களுக்கு என்ன செய்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லோரிடமும் வருத்தப்பட்டிருப்பேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். கலா நிலாவை மாடிக்கு அனுப்பி, டிவியை நிறுத்திவிட்டு, சமையலறை மேஜைக்கு வந்தாள். எனக்கு நேரெதிரே உட்காராமல் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டாள்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். இப்பப் பேசலாமா, நாளைக்குப் பேசலாமா?"

"இப்பவே பேசு."

"நீங்க தோத்துட்டா நாங்க என்ன செய்வோம்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"ஊருக்கு வந்துருவீங்க. அதான பேச்சு?"

"கொஞ்சம் கஷ்டமான விஷயந்தாங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நானும் நிலாவும் திரும்பி வரமாட்டோம்" என்றாள்.

அதோடு நிறுத்திவிட்டாள். சமாதானம் சொல்லவில்லை, காரணம் அடுக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை. நான் மூச்சு விட்டு முடிகிற வரைக்கும் காத்திருந்தாள். உட்கார்ந்த விதம், முதலில் அனுமதி கேட்டது, எனக்கு என்ன தெரியும் என்று விசாரித்தது, கஷ்டமான விஷயம் என்று எச்சரித்தது, ஒரே வரியில் சொன்னது, அப்புறம் அந்த மௌனம்: ஒரு வருஷமாக நான் மனப்பாடம் பண்ணியும் வராத ஒவ்வொரு படியும் வரிசை மாறாமல் இருந்தது. வார்டில் தினமும் பார்த்துப் பழகிய கை. காகிதக் கைக்குட்டைப் பெட்டியைக்கூட எனக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்திருந்தாள்.

"நூத்துக்கு நூறு" என்றேன்.

"வெளையாடாதீங்க."

"இல்ல, நெசமாத்தான். எனக்கு இது வரல இன்னைக்கு."

அதற்குப் பிறகுதான் காரணம் சொன்னாள். "பரிட்சைக்கு முன்னாடி சொல்லி ஒங்களக் கலைக்க வேணாம்னு இருந்தேன். இங்க டாக்டருங்க என்னையக் கூப்புட்டு, 'கலா, நீ என்ன நெனைக்கிறே?'ன்னு கேக்குறாங்க. அங்க ஒங்க அப்பா, மருமக நர்ஸுன்னு இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்காரா? 'ஆஸ்பத்திரில இருக்கு'ம்பாரு. நான் என்னமோ படுத்துக் கெடக்குற மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் அந்தப் பெட்டியில் பாதியைத் தீர்த்தோம்.

"நீங்க வந்துருங்க" என்றாள். "சும்மா வாங்க. டாக்டரா வாங்கன்னு யாரு கேட்டா?"

"வந்து என்ன செய்யுறது? பெட்டி தூக்கவா?"

"மொதல்ல புள்ளயோட இருங்க. பெட்டியப் பெறவு பாப்போம்."

பதில் சொல்லாமல் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு மத்தியான நேரம், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, கிளினிக்கில் வைத்து முடிவு போனில் வந்தது. தேர்ச்சி இல்லை. இனி விண்ணப்பிக்க இயலாது என்பதை மிகவும் பணிவாக எழுதியிருந்தார்கள். வெளியே இருமல் சத்தம். போல்ட்டனில் அப்போது காலை நேரம். கலாவைக் கூப்பிட்டேன். நிலாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தாள்; காற்றும் கார்களும் கேட்டன.

"கலா, ஃபெயில்."

நடை நின்றது. "அழுவுறீங்களா?"

"இல்ல. வெளிய பதினோரு பேரு உக்காந்திருக்காங்க. நேரமில்ல."

"சரி. அப்ப வாங்க."

"கொஞ்சம் டயம் குடு கலா."

"எவ்வளவு நாளு?"

பைக் நிறுத்துகிற இடத்தில் வைத்து, பதின்மூன்று வருஷமாக எத்தனையோ மகன்களும் மருமகன்களும் என்னிடம் கேட்கிற கேள்வி இது. நான் தயங்கினதே கிடையாது. மூணு மாசம், ஆறு மாசம், பொங்கல் தாண்டாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவேன். அவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இப்போது தேடிப் பார்த்தேன். ஒரு எண்ணும் வரவில்லை.

பள்ளிக்கூடத்து வாசல் வந்துவிட்டது போல, பிள்ளைகள் இரைச்சல் கேட்டது.

"நிலா கேட்டுக்கிட்டே நிக்கிறா" என்றாள் கலா. "நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

அறைக்கதவைச் சாத்தினேன்.

"அவகிட்டக் குடு" என்றேன். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.